புதுக்கணக்கும் பழைய உடம்பும்

சித்திரை முதல் நாளில் பஞ்சாங்கம் படிப்பது கொங்கு நாட்டில் இன்னும் நின்றுபோகாத வழக்கம். மழை எத்தனை மரக்கால், எந்தத் தானியம் விளையும் என்று ஊருக்குப் பொதுவானதைச் சொல்லி முடித்ததும், ஒவ்வொரு ராசிக்கும் ஆதாயம் இத்தனை, விரயம் இத்தனை என்று இரண்டு எண்களைப் படிப்பார்கள். நட்சத்திரங்களுக்குக் கந்தாய பலன் தனியாக உண்டு. ஆண்டை நான்கு நான்கு மாதமாக மூன்றாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்திருக்கும். ஒற்றைப்படை வந்தால் லாபம், இரட்டைப்படை என்றால் சமம், பூஜ்யம் என்றால் நஷ்டம். அன்று விடியலில் கனி காணும் வீடுகளில் பழம், பூ, நகை, நாணயம் நிறைந்த தட்டுக்குப் பின்னால் ஒரு கண்ணாடியையும் சாய்த்து வைத்திருப்பார்கள். கண் திறந்ததும் காசும் தன் முகமும் ஒருசேரத் தெரிய வேண்டும் என்பது ஏற்பாடு. ஆக, ஆண்டுத் தொடக்கத்தில் உடலையும் பணத்தையும் சேர்த்துப் பார்க்கும் எண்ணம் நமக்கு இறக்குமதியானது அல்ல. ஆனால் பஞ்சாங்கத்து எண்கள் வரப்போவதைச் சொல்பவை. போன வருடம் எனக்கு என்ன ஆதாயம் போட்டிருந்தது, உண்மையில் என்ன வந்தது என்று பழைய பஞ்சாங்கத்தைத் திருப்பி ஒப்பிட்டுப் பார்ப்பவர் அரிது. முடிந்த ஆண்டை முகத்துக்கு நேராக நிறுத்திக் கேள்வி கேட்டது வேறொரு புத்தகம். அது வியாபாரியின் பேரேடு.

திருப்பூர் பனியனுக்கு முன்பே பேரேடுகளின் ஊர். ரயில் வந்த பிறகு சுற்றுவட்டாரத்துப் பருத்தியெல்லாம் இங்கே குவிந்தது. பஞ்சுப்பேட்டையும் அரவை ஆலைகளும் வந்தன. 1925இல் குலாம் காதர் முதல் பின்னல் பட்டறையைத் தொடங்கினார் என்றே இத்தொழிலின் வரலாறு வழக்கமாக ஆரம்பிக்கிறது. அந்தப் பட்டறைகளும் பஞ்சு வியாபாரத்தின் கணக்குமுறைக்குள்தான் பிறந்தன. அன்றாடம் சிட்டையில் ஏறியதை ஆள்வாரியாகப் பேரேட்டுக்கு மாற்றி, ஆண்டு முடிவில் ஐந்தொகை எடுத்து, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய புதுப் புத்தகத்தில் பிள்ளையார் சுழி போட்டு, போன வருடத்து மிச்சத்தை முதல் வரியாக எழுதுவார்கள். இந்த நாள் எல்லாருக்கும் ஒரே நாளாக இருக்கவில்லை. சிலருக்குச் சித்திரை, வடக்கேயிருந்து வந்த வியாபாரிகளுக்குத் தீபாவளி. அரசாங்கத்துக்கோ நிலவரியில் ஜூலை 1இல் பிறக்கும் பசலி ஆண்டு, வரவுசெலவில் 1867இலிருந்து ஏப்ரல் 1. அவரவர் தமக்குப் பழக்கமான ஆண்டையே கணக்காண்டாக வைத்துக்கொள்ள வருமான வரிச் சட்டமும் நெடுங்காலம் இடம்கொடுத்தது. 1989–90 வரி மதிப்பீட்டு ஆண்டு முதல் அந்தச் சலுகை போய், எல்லாக் கணக்கும் மார்ச் 31இல் முடிந்தாக வேண்டும் என்றானது. மஞ்சள் பூசும் நாளும் கணக்கு முடிக்கும் நாளும் வெவ்வேறாயின. இருந்தாலும் நாள் மாறியதே தவிர, முதல் வரி மாறவில்லை. புதுக்கணக்கு என்று பெயர் இருந்தாலும் எந்தப் பேரேடும் வெறுமையிலிருந்து தொடங்குவதில்லை. ஆரம்ப இருப்பு என்ற வரியோடுதான் தொடங்குகிறது.

என் வாதம் அந்த வரியைப் பற்றியது. ஆண்டுக்கொரு முறை தன் நிலையைச் சீர்தூக்கிப் பார்ப்பதை மனஉறுதி சார்ந்த தனிமனித குணமாகப் பேசுகிறோம். ஜனவரி முதல் வாரத்தில் வரும் கட்டுரைகள் எல்லாம் அப்படித்தான் பேசுகின்றன: சர்க்கரையைப் பாருங்கள், கடனைக் கூட்டுங்கள், சேமிப்பைத் திட்டமிடுங்கள். திருப்பூரின் நூறு ஆண்டு வரலாறு வேறொன்றைக் காட்டுகிறது. முந்தைய ஆண்டின் எண் யாருக்குக் கையில் வந்து சேர்கிறதோ அவரால்தான் இந்த ஆண்டைச் சீர்தூக்க முடிகிறது. அந்த எண் முதலாளிக்கு வந்து சேர்ந்தது. இயந்திரத்துக்குக்கூட வந்து சேர்ந்தது. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எந்தப் பனியன் கம்பெனியிலும் ஓவர்லாக் மிஷினையும் பேட்லாக் மிஷினையும் பிரித்து, இண்டுஇடுக்கில் அடைந்த பஞ்சுத் துகளை ஊதித் தள்ளி, எண்ணெய் விட்டு, துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். மார்ச் மாதத்தில் ஆடிட்டர் அதே மிஷினுக்குத் தேய்மானம் எழுதுவார். பொதுவான இயந்திரங்களுக்கு வருமான வரிச் சட்டப்படி ஆண்டுக்கு 15 சதவீதம். போன வருடம் மிஷின் எந்த நிலையில் இருந்தது, இந்த வருடம் எவ்வளவு தேய்ந்தது என்பது எழுத்தில் இருக்கிறது. அந்த மிஷினின் முன் உட்கார்ந்தவருடைய முதுகும் கண்ணும் மூச்சும் தேய்ந்ததற்கு அப்படி ஒரு வரி எங்கும் எழுதப்படவில்லை.

தொழிலாளிக்குக் கணக்குத் தெரியாது என்று இதற்கு அர்த்தம் இல்லை. கணக்கிலேயே வாழும் ஊர் இது. இங்கே காலத்தை அளப்பதே ஷிப்டால்தான். காலை எட்டரைக்கு ஏறி மாலை ஐந்தரை வரை நின்றால் ஒரு ஷிப்ட். இரவு எட்டரை வரை நீண்டால் ஒன்றரை. ஷிப்பிங் தேதி நெருங்கும் வாரத்தில் ஆறு நாளைக்கு ஒன்பது ஷிப்ட் விழும். சனிக்கிழமைதோறும் சம்பளம். பீஸ் ரேட்டில் தைப்பவர் எத்தனை டஜன் முடித்தார், டஜனுக்கு எவ்வளவு, முன்பணத்தில் எவ்வளவு பிடித்தம் என்பதைச் சிறு நோட்டில் தானே குறித்து வைத்துக்கொள்வார். காண்ட்ராக்டரின் நோட்டோடு அது பொருந்தவில்லை என்றால் அங்கேயே நின்று பேசித் தீர்ப்பார். இந்தக் கூர்மை வாரத்தோடு முடிந்துவிடுகிறது. சனிக்கிழமை தீர்ந்த கணக்கின் பக்கத்தைத் திங்கட்கிழமைக்குக் கொண்டுபோக வேண்டிய தேவை இல்லை. ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்க்கும் ஒரே தருணம் போனஸ்தான். 1965ஆம் ஆண்டின் போனஸ் சட்டம் ஓராண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதத்துக்குக் குறையாமல், 20 சதவீதத்துக்கு மிகாமல் கொடுக்கச் சொன்னது. கணக்காண்டு முடிந்து எட்டு மாதத்துக்குள், அதாவது நவம்பர் முடிவதற்குள், கொடுத்தாக வேண்டும். இங்கே அது தீபாவளிக்கு முந்தைய பட்டுவாடாவாக நிலைபெற்றது. குறைந்தபட்சத் தொகை என்பது ஆண்டுச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. அந்தத் தொகையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால் ஒரு தொழிலாளிக்குத் தான் ஓராண்டில் சம்பாதித்தது எவ்வளவு என்று தெரிந்துவிடும். ஆனால் அந்தப் பணம் கைக்கு வரும் இரவிலேயே மதுரைக்கும் தேனிக்கும் தஞ்சைக்கும் பஸ் கிளம்புகிறது. துணி, பட்டாசு, அடகில் கிடக்கும் கம்மல், ஊரில் வாங்கிய கடனுக்கு வட்டி எல்லாம் அதில்தான். ஆண்டைக் கூட்டிப் பார்க்கக் கிடைக்கும் ஒரே எண், செலவுப் பட்டியல் முன்பே எழுதி வைத்திருக்கும் வாரத்தில் வருகிறது.

1984இல் இந்த ஊர் தொழிலாளரின் ஆண்டைப் பற்றியே பெரிய சண்டை ஒன்றைப் பார்த்தது. விலைவாசி ஏற ஏறக் கூலியும் ஏற வேண்டும் என்று பஞ்சப்படி கேட்டு நடந்த வேலைநிறுத்தம் 127 நாள் நீடித்தது. பஞ்சப்படி என்பது அடிப்படையில் ஒரு ஒப்பீடு: போன வருடத்து ரூபாய் இந்த வருடம் என்ன வாங்கும் என்ற கேள்வி. அதைக் கேட்கும் உரிமைக்காக நான்கு மாதத்துக்கு மேல் சம்பளம் இல்லாமல் இருந்திருக்கிறார்கள். அதற்குப் பின் ஏற்றுமதி பெருகியபோது தொழில் வளர்ந்த விதம்தான் கவனிக்க வேண்டியது. ஒரு பெரிய கூரையின் கீழ் வளராமல், நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், கட்டிங் ஓரிடம், தையல் இன்னோரிடம் என்று பிரிந்து பிரிந்து வளர்ந்தது. பமேலா காத்தோர்ன் என்ற ஆய்வாளர் இதை அமீபா பிளவுபடுவதோடு ஒப்பிட்டு எழுதினார். பிளவுபட்ட ஒவ்வொரு துண்டிலும் ஆட்கள் குறைவு. தொழிலாளர் சட்டங்களோ ஆள் எண்ணிக்கையை வைத்துப் பேசுபவை. வருங்கால வைப்புநிதிக்கு 20 பேர் வேண்டும், மின்சாரம் பயன்படுத்தும் தொழிற்கூடங்களுக்கு இ.எஸ்.ஐ. வரம்பும் 1989 திருத்தம் வரை 20தான், பிறகு 10. எழுத்துள்ள கணக்குக்குள் வர வேண்டியவர்களில் எத்தனையோ பேர் இந்த எண்களுக்குக் கீழே நின்றுவிட்டார்கள்.

உடம்பின் விஷயத்தில் இதன் விளைவைப் புரிந்துகொள்ளப் பஞ்சுத் தூசி நல்ல சான்று. பல்லடம், அவிநாசி, உடுமலை வட்டாரத்து நூற்பாலைகளில் பஞ்சைப் பிரித்துக் கொட்டும் இடத்திலும் கார்டிங் பகுதியிலும் நெடுங்காலம் வேலை செய்தவர்களுக்கு வரும் நுரையீரல் நோய் பிசினோசிஸ். அதன் தொடக்க அறிகுறி விசித்திரமானது. ஞாயிறு ஓய்வு முடிந்து திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பியதும் நெஞ்சு இறுகும். செவ்வாய், புதன் என்று போகப்போகத் தளரும். 1950களில் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளை ஆராய்ந்த ரிச்சர்ட் ஷில்லிங் இந்தத் திங்கட்கிழமையை வைத்தே நோயின் படிநிலைகளை வகுத்தார். வாரச் சம்பளக்காரருக்கு இது தூக்கக்குறைவாகவோ ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டின் கோளாறாகவோ தோன்றிவிடும். விடுமுறை நாளில் டாக்டரிடம் போனால் மூச்சு சரியாகவே இருக்கும். கண்டுபிடிக்கும் வழி, ஒரே நொடியில் எவ்வளவு காற்றை ஊதித் தள்ள முடிகிறது என்று அளப்பது. ஆனால் ஒரு தடவை அளந்த எண் அதிகம் பேசாது. உயரமானவருக்குக் கூடுதலாகவும் குள்ளமானவருக்குக் குறைவாகவும் இருக்கும். புகைக்காத, ஆரோக்கியமான நடுவயதுக்காரருக்கே இந்த அளவு ஆண்டுக்கு ஏறத்தாழ 30 மில்லி லிட்டர் குறையும். பஞ்சுத் தூசியில் நிற்பவருக்கு அதைவிட வேகமாகக் குறைகிறதா என்பதை அறியப் போன ஆண்டின் எண் வேண்டும், அதற்கு முந்தைய ஆண்டின் எண் வேண்டும். மருத்துவத்திலும் ஆரம்ப இருப்பு என்ற வரி இல்லாமல் கணக்கு ஓடாது. நான்கு வருடத்தில் மூன்று ஆலை மாறியவருக்கு அது எங்கே இருக்கும்?

சட்டம் இதை எண்ணிப் பார்க்காமல் இல்லை. 1948ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் (இ.எஸ்.ஐ.) தமிழ்நாட்டில் முதலில் நடைமுறைக்கு வந்தது திருப்பூரின் வாசலிலேதான். 1955 ஜனவரி 23இல் கோயம்புத்தூரில். உடம்பையும் பணத்தையும் ஒரே காகிதத்தில் எழுதிய முதல் ஏற்பாடு என்று அதைச் சொல்லலாம். அதன் ஆண்டுக் கணக்கு மற்ற கணக்குகளிலிருந்து மாறுபட்டது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய சந்தாவுக்கான பயன் காலம் ஜனவரி 1இல் பிறக்கிறது. அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை 1இல். அரையாண்டில் 78 நாள் சந்தா ஏறியிருந்தால், நோயில் படுத்த நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். உண்மையில் திருப்பூர்த் தொழிலாளிக்கு ஜனவரி 1 என்பது கேக் வெட்டும் நாளைவிட முக்கியமான நாள். இப்போது இப்படி ஒருவரை வைத்துக்கொள்வோம்: ஏப்ரலிலிருந்து ஒரு கம்பெனியில் 40 நாள், ஆர்டர் இல்லாமல் நின்று பிறகு இன்னொரு கம்பெனியில் 45 நாள் வேலை செய்திருக்கிறார். மொத்தம் 85. பழைய காப்பீட்டு எண்ணிலேயே இரண்டாவது கம்பெனியும் சந்தா கட்டியிருந்தால் ஜனவரியில் அவருக்குப் படுக்கைக் காலச் சம்பளம் உண்டு. புதிய ஆள் என்று புது எண் போட்டிருந்தால் ஒன்றில் 40, இன்னொன்றில் 45. இரண்டுமே 78ஐ எட்டவில்லை. உழைத்த நாட்கள் ஒன்றுதான், பிடித்த பணம் ஒன்றுதான். முந்தைய எண்ணைப் புதிய பக்கத்துக்குக் கொண்டுபோக யாரும் மெனக்கெடாததால் இழப்பு வருகிறது. இத்தனை லட்சம் பேர் வேலை செய்யும் ஊரில் 100 படுக்கை இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு அடிக்கல் விழுந்ததே 2019 பிப்ரவரியில்தான். நாட்டுக்கு அர்ப்பணித்தது 2024 பிப்ரவரியில்.

என் வாதத்தை மறுப்பவர்கள் பலமான காரணங்களையே சொல்கிறார்கள். முதலாவது, பிடித்தம் வேண்டாம் என்று தொழிலாளரே சொல்கிறார்கள் என்பது. இது உண்மைதான், கையில் வரும் காசு குறையும் என்பதால் பி.எஃப். இல்லாத கம்பெனியாகப் பார்த்துச் சேர்பவர்கள் உண்டு. ஆனால் அதை அசட்டை என்று நான் கொள்ளமாட்டேன். 2014இல் ஒருவருக்கு ஒரே எண் என்ற முறை வரும்வரை, கம்பெனி மாறினால் வைப்புநிதிக் கணக்கும் புதிது. மூன்று இடத்தில் மூன்று சிறு தொகை தேங்கி, ஒவ்வொன்றையும் எடுக்கப் பழைய முதலாளியிடம் கையெழுத்துக்கு அலைய வேண்டியிருந்தவர், தன் அனுபவத்திலிருந்து சரியான முடிவைத்தான் எடுத்திருக்கிறார். தொடர்ச்சி இல்லாத கணக்கில் பணம் போடுவதைவிடத் தெருவில் நடக்கும் தீபாவளிச் சீட்டில் போடுவது மேல். அதை நடத்துபவர் முகமாவது தெரியும்.

இரண்டாவது காரணத்தைத் திருப்பூர் பெருமையோடு சொல்கிறது. நேற்று மிஷினில் உட்கார்ந்தவர்தான் இன்று முதலாளி. சிக்கனமும் உழைப்பும் இருந்தால் எவரும் மேலே வரலாம் என்பது. சரத் சாரி 2004இல் வெளியிட்ட திருப்பூர் ஆய்வு நூலின் மையமே இந்த நம்பிக்கைதான். தொழிலாளியாகத் தொடங்கி முதலாளியான கவுண்டர்கள் பலரும் தங்கள் உயர்வுக்கு உழைப்பையே காரணமாகச் சொன்னதை அவர் பதிவு செய்கிறார். அந்த உழைப்பு பொய்யில்லை. ஆனால் அவர் கூடவே காட்டுவது, ஊரில் விற்கவோ அடமானம் வைக்கவோ இருந்த நிலம், பங்காளி வழியிலும் சம்பந்தி வழியிலும் கிடைத்த கைமாற்று, கூட்டுச் சேர ஆள். அவர்களுடைய பழைய கணக்கு, எழுதப்படாவிட்டாலும், உறவில் நினைவிருந்தது. இவன் இன்னார் மகன், போன வருடம் வாங்கியதைத் திருப்பினான் என்று சொல்ல ஆள் இருந்தது. ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து லைன் வீட்டில் எட்டுப் பேரோடு தங்குபவருக்கு இந்த ஊரில் போன வருடம் என்று ஒன்று இல்லை. அவருடைய சிக்கனத்தைச் சாட்சி சொல்ல ஒருவரும் இல்லை.

மூன்றாவது காரணம்தான் என்னை அதிகம் யோசிக்க வைப்பது: பேரேடும் ஆடிட்டரும் இருந்தவர்கள் மட்டும் ஏமாறவில்லையா? ஏமாந்தார்கள். 2007இல் டாலருக்கு எதிராக ரூபாய் வலுத்தபோது, இழப்பைச் சமாளிக்க என்று சொல்லி வங்கிகள் அந்நியச் செலாவணி டெரிவேட்டிவ் ஒப்பந்தங்களை விற்றன. சுவிஸ் பிராங்கும் யென்னும் எங்கே போகும் என்பதை வைத்து நடந்த அந்தப் பந்தயத்தில் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் பலர் பெரும் தொகை இழந்தார்கள். வழக்குகள் நீதிமன்றம் ஏறின. அந்த ஒப்பந்தங்கள் முடியும்வரை நஷ்டத்தைக் கணக்கில் காட்ட வேண்டியதில்லை என்றே பலரும் வைத்திருந்தார்கள். 2008 மார்ச் 29இல், ஆண்டு முடிய இரண்டே நாள் இருக்கையில், பட்டயக் கணக்காளர் நிறுவனம் அறிவித்தது: இன்றைய சந்தை மதிப்பில் வரும் நஷ்டத்தை மார்ச் 31 கணக்கிலேயே எழுதியாக வேண்டும். அதன் பிறகே மறைந்திருந்தது வெளியே தெரிந்தது. பேரேடு யாரையும் புத்திசாலி ஆக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆண்டு முடிவு என்ற கட்டாயம் இருந்ததால், எழுதாமல் விட்டதை எழுத வைக்க ஒரு நாளாவது இருந்தது. அந்த நாள் இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு நொய்யல் ஆறே இருக்கிறது. ஏற்றுமதி எத்தனை கோடி என்பது ஆண்டுதோறும் எழுதப்பட்டது. ஆற்றில் இறங்கிய சாயநீர் எந்தக் கம்பெனியின் ஐந்தொகையிலும் ஏறவில்லை. 1992இல் பாசனத்துக்கென்று வந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்குட்டை ஆனது. கடைசியில் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது, பல வருடக் கடன் ஒரே நாளில் வாசலுக்கு வந்தது. அன்று வேலை இழந்தவர்களுக்கு அந்தக் கடனில் பங்கு கேட்காமலேயே கொடுக்கப்பட்டிருந்தது.

உடலும் பணமும் எப்படி ஒன்றையொன்று விழுங்கும் என்பதை இந்த வட்டாரத்து நூற்பாலைகளின் சுமங்கலித் திட்டம் போல வேறு எதுவும் காட்டியதில்லை. பதின்வயதுப் பெண்களை ஆலை விடுதியில் தங்க வைத்து, சம்பளத்தில் ஒரு பகுதியைப் பிடித்து, மூன்று வருடம் முடிந்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகத் தருவதாகச் சொன்ன ஏற்பாடு. அங்கே வாரக்கணக்கும் இல்லை, ஆண்டுக்கணக்கும் இல்லை. மூன்றாண்டுக்கு ஒரே கணக்கு. இடையில் உடம்புக்கு முடியாமல் வீடு திரும்பியவர்களுக்கு அந்தத் தொகை கைக்கு வராமல் போனதை 2011இல் வெளியான ஆய்வறிக்கைகள் ஆவணப்படுத்தின. தேசியக் குடும்பநல ஆய்வு 2019–21இல் கண்டபடி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. அப்படிப்பட்ட உடம்போடு சேர்ந்த ஒரு பெண்ணுக்கு முதலாண்டு முடிவில் ரத்த அளவு பார்த்துச் சொல்லியிருந்தால், அவளுக்கும் அவளைப் பெற்றவர்களுக்கும் மூன்றாம் ஆண்டைப் பற்றி முடிவெடுக்க ஓர் எண் இருந்திருக்கும்.

2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு, குறிப்பிட்ட வயதினருக்கு முதலாளி செலவில் ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனை என்கிறது. நாற்பது கடந்தவர்களுக்கு என்று அரசு சொல்கிறது. நல்லதுதான். ஆனால் திருப்பூரில் இதன் பயன் பரிசோதனையை விட அதன் தாளைப் பொறுத்தது. தாள் கம்பெனிக் கோப்பில் தங்கினால், ஆள் கம்பெனி மாறும் அன்று அது செத்த காகிதம்; அடுத்த கம்பெனியின் பரிசோதனை மறுபடி முதலாம் ஆண்டு. நாற்பது என்ற வரம்பும் இந்த ஊருக்குப் பொருந்தாதது, ஏனென்றால் பதினெட்டில் சேர்ந்து முப்பத்தைந்துக்குள் கண்பார்வையோ முதுகோ மக்கர் செய்து ஊர் திரும்புபவர்கள் அந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள். வைப்புநிதிக்கு 2014இல் செய்ததை இதற்கும் செய்ய முடியும். காப்பீட்டு எண் ஏற்கெனவே ஆளோடு இருக்கிறது. அதே எண்ணில் ஆண்டுதோறும் மூச்சளவு, ரத்த அளவு, பார்வை, ரத்த அழுத்தம் ஆகியவற்றை ஏற்றி, கம்பெனிக்குக் காட்டாமல் தொழிலாளிக்கு மட்டும் அவர் மொழியில் கொடுத்தால், தேனியிலிருந்து வந்தவரோ கட்டாக்கிலிருந்து வந்தவரோ தீபாவளி முடிந்து வேறொரு கம்பெனி வாசலில் நிற்கும்போது, போன வருடத்தைக் கையோடு கொண்டுவந்திருப்பார்.